மாடு கேட்காத கேள்வி

திருக்கோவிலிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "மாடும் மீனும் வாழ்ந்துவிட்டுப் போகின்றன. மனிதன் மட்டும் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று ஏன் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான்? இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. இது ஞானத்தின் தொடக்கமா, மூளைக் கோளாறா? நிறுத்த வழி உண்டா?" கடைசி இரண்டு வரிகளில், தாம் ஒரு கலைப்பட்டதாரி என்றும், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றும், அப்பா வட்டைக்கு, அதாவது வயல்வேலைக்கு, வரச் சொல்கிறார் என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். தம்பி, வாழ்க்கையின் அர்த்தம் என்னவென்று நீங்கள் கேட்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். அதைக் கேட்பதை ஏன் நிறுத்த முடியவில்லை என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். முதற்கேள்விக்குச் சமயங்களும் மெய்யியலாளரும் பல நூற்றாண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள்; அந்த வரிசையில் போய் நிற்கும் தகுதி எனக்கு இல்லை. இரண்டாவது கேள்விக்கு, முழுமையாக இல்லாவிட்டாலும், ஓரளவு உறுதியோடு பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் பேராதனையில் மெய்யியல் படித்து, மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் என்னும் தர்க்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன். 2005இல், சுனாமியாய்க் கடல் வந்துபோன பிறகு, உளவளத்துணைப் பயிற்சி பெற்று இன்றுவரை கிழமைக்கு இரண்டு நாள் அந்த வேலையைச் செய்து வருகிறேன். வைத்தியன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அளவையியல் வாத்தியார் என்பதால் கேள்வியின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். "நீ உன் மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டாயா?" என்ற கேள்வியை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் எழுதிப்போடுவேன். ஆம் என்றாலும் அகப்பட்டுக்கொள்வோம், இல்லை என்றாலும் அகப்பட்டுக்கொள்வோம். ஏனென்றால் நாம் ஒப்புக்கொள்ளாத ஒன்றைக் கேள்வியே தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. "வாழ்க்கையின் அர்த்தம் என்ன?" என்பதும் ஏறத்தாழ அந்தச் சாதிதான். அர்த்தம் என்று ஒன்று இருக்கிறது, அது ஒன்றே ஒன்றுதான், ஒரு சொல்லுக்கு அகராதியில் அர்த்தம் இருப்பதுபோல அது எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது என்று மூன்று முடிவுகளை எடுத்துவிட்டுத்தான் அது நம்மிடம் வருகிறது. தோணிக்கு அர்த்தம் என்ன என்று எவரும் கேட்பதில்லை; எதற்கு உதவும், எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கிறோம். ஐரோப்பிய மொழிகளிலேயே 'வாழ்க்கையின் அர்த்தம்' என்ற தொடர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. நம்முடைய பழைய நூல்கள் இந்த இடத்தில் வேறு மாதிரிப் பேசின. பொருள் என்ற சொல்லுக்குத் தமிழில் சொல்லின் கருத்து, கைக்காசு, கண்முன் இருக்கும் வஸ்து எல்லாமே அடங்கும். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கையும் உறுதிப்பொருள் என்றார்கள். வாழ்க்கைக்குப் பொருள் என்ன என்று தேடியதைவிட, வாழ்கிறவன் எவற்றைப் பொருளாகக் கொள்ள வேண்டும் என்று தேடினார்கள். முதல் வகைக் கேள்விக்குப் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் வகையில் எதையாவது எடுத்துக்கொண்டு எழும்பலாம். இதனால் உங்கள் கேள்வி பொய்யாகிவிடாது. அது உங்களிடம் வந்து சேர்ந்த உருவம் ஒன்றே அதன் உருவம் அன்று என்கிறேன்.

மனிதன் மட்டும் ஏன் கேட்கிறான் என்பதற்கு வருகிறேன். சில காரணங்களில் ஐயமில்லை. 'ஏன்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது; மூன்று நான்கு வயதில் அது பிள்ளையின் வாயில் வந்துவிட்டால் பிறகு வீட்டில் எவருக்கும் நிம்மதி இல்லை. என் பேத்தி ஒருநாள், பாடும் மீன்களுக்குப் பேர்போன மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று, மீன் ஏன் பாடுகிறது என்றாள், சொன்னேன். அது ஏன் என்றாள், அதற்கும் சொன்னேன். ஏழாவது 'ஏன்' வந்தபோது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்து, நேற்றையும் நாளையையும் மனத்தில் விரித்துப் பார்க்கவும், ஒருநாள் இறப்போம் என்பதை இறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்துகொள்ளவும் நம்மால் முடிகிறது. வெளிவேலை எதுவும் இல்லாத நேரத்தில் மூளை சும்மா இருப்பதில்லை என்பதும் தெரிந்த விடயமே. 2001இல் மார்க்கஸ் ரெய்க்கிள் என்ற அமெரிக்க நரம்பியலாளரும் அவருடைய சகாக்களும், ஓய்வின்போது மூளையின் குறிப்பிட்ட சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை விவரித்தார்கள். நம்மைப் பற்றி நாமே எண்ணிக்கொள்வதோடு அப்பகுதிகள் தொடர்புடையவை. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த இருவர் 2,250 பேரிடம் தொலைபேசி வழியாக நாளில் பல தடவை விசாரித்தபோது, ஏறத்தாழ 47 சதவீத வேளைகளில் மனம் கைவேலையை விட்டு வேறெங்கோ போயிருந்தது. அப்படிப் போன வேளைகளில் மக்கள் சற்றுக் குறைந்த மகிழ்ச்சியோடே இருந்தார்கள். இவ்வளவும் உறுதி. ஆனால் இந்தப் பழக்கம் மனித இனத்துக்கு எந்த நன்மைக்காக வந்தது, குழுவாய் வாழ்வதற்கா, ஆபத்தை முன்கூட்டி அறிவதற்கா, அல்லது வேறொரு திறமையோடு ஒட்டிக்கொண்டு வந்த உபரியா என்பதெல்லாம் இன்னும் ஊகம். இதில் எதையும் முடிந்த முடிவாகச் சொல்பவரைச் சந்தேகியுங்கள்.

மாடு கேட்பதில்லை என்றீர்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு நமது கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளில் போயிருப்பீர்கள். தார் வீதியின் சூட்டுக்காக மாடு நடுவில் படுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டாலும் அசையாமல், தாடையை மட்டும் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும். தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்கிறது. மென்றபின் விழுங்குகிறது, அது போகவேண்டிய இரைப்பைக்குப் போய்விடுகிறது. மனிதர் ஒரே நினைப்பை மறுபடி மறுபடி மெல்வதற்கும் நாம் அசைபோடுதல் என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் உளவியலாளர் வைத்த பெயரும் மாட்டிடமிருந்து எடுத்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், நாம் விழுங்குவதில்லை. இந்த அசைபோடலைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் சூசன் நோலன் ஹோக்சிமா என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் ஒன்று நடந்தது. தற்செயலாக, அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் அவர் 137 பல்கலைக்கழக மாணவரிடம், மனம் சோரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். நிலநடுக்கத்தின் பின் 10 நாளிலும், பிறகு 7 கிழமையிலும் அதே மாணவரை மீண்டும் பார்த்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று சோர்வையே சுற்றிச் சுற்றி எண்ணும் வழக்கம் முன்பே உடையவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக மனச்சோர்வுக்குள் இருந்தார்கள். இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு. அசைபோடுகிறவருக்குத் தாம் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே தோன்றும். இரவு முழுக்க உழைத்த களைப்பு இருக்கும். விடிந்து பார்த்தால் ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தாயிடம் தோற்றுத்தான் கற்றேன். 2004 டிசம்பர் 26, பௌர்ணமி ஞாயிறு. நாவலடியில் வாழைச்சேனைக்காரர் ஒருவரைக் கட்டி இருந்த அந்தப் பெண்ணின் ஒன்பது வயது மகளைக் கடல் கொண்டுபோனது. பெப்ரவரியில் நகரத்துப் பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில் அவரைச் சந்தித்தேன். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் என் கதிரைக்கு எதிரே வந்து அமர்ந்து, "நான் என்னத்துக்கு சேர் இன்னும் இரிக்கன்?" என்பார். ஒவ்வோர் அந்தியிலும் இதே சொற்கள், இதே வரிசை. நான் அப்போதுதான் பத்து நாள் பயிற்சி முடித்தவன், போதாததற்கு மெய்யியல் படித்தவன். நிலையாமையைப் பற்றிச் சொன்னேன், ஊழைப் பற்றிச் சொன்னேன், உயிர் அழியாது என்று சைவம் சொல்வதையும் சொன்னேன். மூன்று அந்தி பேசினேன். நான்காம் நாள் அவர் வரவில்லை. வகுப்பறைச் சுவரோரமாய்ச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். எங்களோடு உதவிக்கு வந்திருந்த பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "புள்ள, இந்த நேரத்துல என்ன ஞாபகம் வருது?" என்று மட்டும் கேட்டார். தையற்காரர் ஞாபகம் வருகிறது என்றார் அந்தப் பெண். பாடசாலையில் கொடுத்த வெள்ளைத் துணியைப் பாலத்துக்கு இப்பால் உள்ள ஒரு தையற்காரரிடம் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் பாடசாலை தொடங்குமுன் எடுக்க வேண்டும். டிசம்பர் முழுவதும் அந்தியானால், உடுப்பு எடுக்கப் போவமா என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இப்போது அந்த உடுப்பை எடுப்பதா, விடுவதா?

மறுநாள் மூவரும் போனோம். கடைக்குத் தண்ணீர் வரவில்லை. தையற்காரர் உடுப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தார். எவருடையது என்று கேட்கவே இல்லை, கூலி வேண்டாம் என்றார். அந்தத் தாய் கட்டாயப்படுத்திக் கூலியைக் கொடுத்தார். அவர் கதறுவார் என்று நான் என்னைத் தயார்படுத்திக்கொண்டு நின்றேன். அவரோ தாளைப் பிரித்து, கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்த மூலை நேரா இல்லையே" என்று தையற்காரரிடம் குறை சொன்னார். தையற்காரர் அந்த இடத்திலேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அதோடு கேள்வி நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான்; நிற்கவில்லை. ஆனால் சில கிழமைக்குப் பிறகு அது வேறு உருவத்தில் வந்தது: "இந்த உடுப்ப வேற புள்ளைக்குக் குடுத்தா என்ட புள்ளைக்குக் கோவம் வருமா சேர்?" இதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. எனினும் இது யோசித்து ஒரு முடிவுக்கு வரக்கூடிய கேள்வி. முந்தியது அப்படி இல்லை. உடுப்பைக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று யார் வந்து கேட்டாலும் நான் இரண்டு விடயங்களையே பார்க்கிறேன். கேள்வி நகர்கிறதா? அது எந்த நேரத்தில் வருகிறது? நகர்கிற கேள்வி போன மாதம் இருந்த உருவத்தில் இந்த மாதம் இருக்காது. அது ஒருவரை வாசிக்க வைக்கும், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ கூட்டிப்போகும், எவரோடாவது சண்டை பிடிக்க வைக்கும். நகராத கேள்வி, சொல் மாறாமல், பெரும்பாலும் இரவில், தனிமையில், உடம்பு களைத்த நேரத்தில் வரும். திருவண்ணாமலை ரமணர் நான் யார் என்ற ஒரே கேள்வியையே வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அதை அவர் பிணம் சுடும் தடிக்கு ஒப்பிட்டார்: நெருப்பைக் கிளறிவிடும் தடி, முடிவில் தானும் எரிந்துபோகும். எரியாமல் ஈரமாய்க் கிடந்து புகையை மட்டும் கிளப்புகிற தடியும் உண்டு; அசைபோடல் அதுதான் என்பது என் விளக்கம், அவருடையது அன்று. ஞானமா கோளாறா என்று கேட்டீர்களே, கேள்வியின் சொற்களை மட்டும் வைத்து எவராலும் இதைச் சொல்ல முடியாது. ஞானியும் நோயாளியும் ஒரே வாக்கியத்தைக் கேட்கக்கூடும்.

தேடுவதே துன்பத்தின் அடையாளம் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மைக்கேல் ஸ்டெகர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2006இல் பத்துக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் ஐந்து, என் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற உணர்வை அளப்பவை. மற்ற ஐந்து, அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை அளப்பவை. இரண்டும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல என்பதே அதன் முக்கியமான செய்தி. 2008இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், அமெரிக்கரிடம் தேடல் கூடியவருக்கு அர்த்த உணர்வு குறைவாக இருந்தது. ஜப்பானியரிடமோ தேடலும் அர்த்த உணர்வும் சேர்ந்தே கூடின. இதை வைத்து மட்டக்களப்பாருக்கும் அம்பாறையாருக்கும் கணக்குப் போட முடியாது. தேடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வலிப்பதில்லை என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கேள்வியை அடக்கப் பார்ப்பார்கள். வேலையில்லாதவன் யோசனை என்பார்கள். படித்தவர்களாக இருந்தால் புத்தர் சொன்ன அம்புக் கதையைச் சொல்வார்கள். உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்பதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் துறவில் இருப்பேன் என்று மாலுங்கியபுத்த என்ற துறவி அடம்பிடித்தபோது, நஞ்சு தோய்ந்த அம்பு பட்டவன், எய்தவன் எந்தக் குலம், வில் எந்த மரம், இறகு எந்தப் பறவையுடையது என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்கவிட மாட்டேன் என்றால் செத்துப்போவான் என்று புத்தர் சொன்னார். இதைக் கேள்வி கேட்கிறவனின் வாயை அடைக்கவே பலர் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கதையில் அம்பு மெய்யாகவே தைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கேட்காதே என்று சொல்லிவிட்டு அம்பையும் பிடுங்காமல் எழும்பிப் போகிறவர் வைத்தியர் ஆக மாட்டார்.

உங்கள் அம்பு எது என்று இவ்வளவு தூரத்திலிருந்து நான் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் எழுதிய கடைசி இரண்டு வரிகளில் அது தெரிகிறது என்பது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழைக் கோப்பில் போட்டுக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும், வேலை கேட்டு நடந்த காந்தி பூங்காப் போராட்டத்துக்கும் அலைந்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். இரண்டு வருடம், மூன்று வருடம் போகப்போக, எனக்கு ஏன் வேலை இல்லை என்ற கேள்வி, நான் எதற்குப் படித்தேன் என்றாகி, பிறகு வாழ்க்கைக்கே என்ன அர்த்தம் என்று பெரிய உடுப்பு உடுத்திக்கொள்கிறது. பெரிய கேள்விக்குள் ஒளிந்துகொண்டால் சின்னக் கேள்வியின் வெட்கம் தெரியாது. இப்படிச் சொன்னதால் வேலை கிடைத்தால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டால்ஸ்டாய் தம் பெரும் நாவல்கள் இரண்டையும் எழுதி, புகழும் நிலமும் குடும்பமும் குறைவின்றி இருந்த ஐம்பது வயதளவில்தான், இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியில் வாழவே முடியாமல் தவித்தார். அதை 1880ஐ ஒட்டிய காலத்தில் தாமே எழுதியும் வைத்தார். வயிறு நிறைந்தவனையும் இது பிடிக்கும்.

நிறுத்த வழி உண்டா என்பதற்கு: அடக்கி நிறுத்த வழி இல்லை. நினைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தால் நினைப்பு கூடத்தான் செய்யும். மாற்றுவதற்கு வழி உண்டு. இங்கிலாந்தில் எக்சிற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் வாட்கின்ஸ், அசைபோடலுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தவர். அதன் நடு நரம்பு, 'ஏன்' என்று பொதுவாகக் கேட்கும் மனத்தை, 'எப்படி', 'எப்போது', 'அடுத்து என்ன' என்று குறிப்பான விடயத்துக்குத் திருப்பிப் பழக்குவது. மருத்துவமாது அந்தி நேரத்தில் செய்ததும் இதுவே, பெயர் தெரியாமல். உங்களுக்கானால், வட்டைக்குப் போனால் என் படிப்பு வீணா என்பது 'ஏன்' வகைக் கேள்வி. அப்பாவின் வயலில் இந்தப் பெரும்போகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கிறார், உரத்துக்கும் உழவுக்கும் எவ்வளவு கடன், போட்டிப் பரீட்சைக்குப் படிக்க விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் மிஞ்சும் என்பவை 'எப்படி' வகை. இவற்றைக் காலையில், தேநீருக்குப் பிறகு, அப்பாவை வைத்துக்கொண்டு தாளில் எழுதிப் பாருங்கள். இரவு ஒரு மணிக்குத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அந்த நேரத்துத் தீர்ப்பு எதையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும்கூட.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நேரம், எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறது, நித்திரையும் சாப்பாடும் கெட்டுவிட்டன, உடம்பு எழும்ப மறுக்கிறது என்றால் அது மெய்யியல் அன்று, வைத்தியர் பார்க்கவேண்டிய மனச்சோர்வு, குணப்படுத்தக்கூடியதும்கூட. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அர்த்தம் இல்லை என்ற நினைப்பு, இல்லாமல் போய்விடலாம் என்ற நினைப்பாக ஒரு தடவை மாறியிருந்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் எனக்கு இரண்டு விடயம் எழுத வேண்டும். இந்தக் கேள்வி முதன்முதலாக வந்த நாளில் வேறு என்ன நடந்தது? இப்போது அது வருவது எத்தனை மணிக்கு?